வெடிச் சத்தமும் நாய்க்குக் குடுக்கிற மூலிகைக் குளிசையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. ஏலுமெண்டா தீபாவளிக்கு முதல் இந்தக் கடிதத்தைப் போடுங்கோ, பிந்திப் போட்டா பிரயோசனம் இல்லை, ஏனெண்டா நான் எழுதுற விசயம் வெடி கொளுத்துற நாளுக்கு ரெண்டு மூண்டு கிழமைக்கு முதலே நாய் வளக்கிற ஆக்களின்ர காதில விழ வேணும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் ஃப்ளாட்டுகளில நாய் வளக்கிற எங்கட சனம் இப்ப நல்லாக் கூடிட்டுது, கொட்டாஞ்சேனை வத்தளைப் பக்கமும் அப்பிடித்தான். வெடிக்கு நாய் நடுங்குது எண்டவுடன எல்லாரும் முதல்ல தேடுறது மூலிகைக் குளிசையைத்தான். பெட் ஷொப்பில வாங்கினம், ஒன்லைன்ல எடுப்பிக்கினம், லண்டனால கனடாவால வாற சொந்தக்காரரிட்டச் சொல்லிக் கொண்டுவரச் சொல்லினம். லேபல்ல ஒரு நாய் கண்ணை மூடி நிம்மதியாப் படுத்திருக்கிற படம், பக்கத்தில ஒரு பச்சை இலை, கீழ "இயற்கையானது, பக்கவிளைவு இல்லை" எண்டு ஒரு வசனம். விலை ஆயிரக்கணக்கில. காசு குடுத்து வாங்கிற ஆக்களுக்கு இதைப் பற்றி ஒருத்தரும் முழுசாச் சொல்லுறேல்லை எண்டதுதான் என்ர கவலை.

முதல்ல, இது "நாய்தானே, கொஞ்ச நேரம் பயந்துட்டுச் சரியாப் போயிடும்" எண்டு விடுற விசயம் இல்லை. மனுசற்ர காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், நாய்க்குக் கிட்டத்தட்ட 45,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், எங்களுக்குத் தூரத்தில மெல்லிசாக் கேக்கிற வெடி கூட அதுக்கு நல்லாக் கேக்கும், அந்தச் சத்தம் ஏன் வருது, எப்ப நிக்கும் எண்டு அதுக்கு ஒண்டும் விளங்காது. ஃபின்லாந்தில 13,700 நாயளின்ர சொந்தக்காரரிட்டக் கேட்டுச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2020 இல வெளிவந்தது, நாயளுக்கு வாற பதட்டங்களுக்குள்ள முதலிடத்தில இருந்தது சத்தப் பயம்தான், 32 வீதம். அண்ணளவா மூண்டு நாயில ஒண்டு. கொழும்பில எங்களுக்கு வெடி தீபாவளியோட முடியிறதும் இல்லை. ஐப்பசி கார்த்திகையில பின்னேரமானா இடி முழக்கம், அது ஓய முதல் தீபாவளி, பேந்து நத்தார், டிசம்பர் 31 நடுச்சாமம் காலிமுகத்திடல் பக்கம் வானமே கிழியும், பேந்து பொங்கல், ஏப்ரல்ல சித்திரை வருசப் பிறப்பு, இதுக்குள்ள கிரிக்கெட் வெண்டாலும் எலெக்சன் வெண்டாலும் சந்திக்குச் சந்தி சீன வெடிச் சரம். பயந்த நாய்க்கு வருசத்தில அரைவாசி நாள் இதுதான்.

எங்கட ஃப்ளாட்டில கீழ் மாடியில ஒரு லப்ரடோர் இருக்கு, பேர் சீசர். நல்ல அமைதியான நாய், சின்னப் பிள்ளையள் காதைப் பிடிச்சு இழுத்தாலும் பேசாமல் நிக்கும். போன தீபாவளி விடியப்புறம், ஆக்கள் எண்ணெய் வைச்சு முழுகிற நேரத்திலயே ஒழுங்கையில சரவெடி தொடங்கிட்டுது, நான் பால் வாங்க இறங்கிப் போகேக்க அந்த வீட்டு அன்ரி கதவைத் திறந்து "ஒருக்கா வந்து பார் பிள்ளை" எண்டு கூப்பிட்டவ. சீசர் பாத்ரூமுக்குள்ள கொமோட்டுக்கும் சுவருக்கும் இடையில தன்னை நெருக்கிக் கொண்டு நிக்குது, வாயால வீணீர் நூல் மாதிரித் தொங்குது, கண்ணின்ர வெள்ளை முழுக்கத் தெரியுது, முன்னங்கால் நகம் ரெண்டு பிஞ்சு ரத்தம், பாத்ரூம் கதவின்ர கீழ்ப்பக்கம் முழுக்கக் கீறல். உடம்பு நடுங்கிற நடுக்கத்தில கழுத்துப் பட்டியில தொங்கிற தகடு டைல்ஸில பட்டுக் கிலுகிலு எண்டு சத்தம் போட்டுக் கொண்டே இருக்கு. நான் கோழி இறைச்சித் துண்டு ஒண்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனன், மணக்கவும் இல்லை. லப்ரடோர் சாப்பாட்டைத் திரும்பிப் பாக்கேல்லை எண்டா அது எவ்வளவு பயத்தில நிக்குது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அன்ரி சொன்னா, "நேத்தையிலிருந்து அந்த மூலிகைக் குளிசை குடுக்கிறன், அது குடுத்தபடியாத்தான் இவ்வளவோட நிக்குது, இல்லாட்டி இதைவிட மோசமா இருந்திருக்கும்."

அன்ரியில பிழை சொல்ல ஒண்டும் இல்லை, அவ அந்த நாயைப் பிள்ளை மாதிரி வளக்கிறா. ஆனா அவ சொன்ன அந்த வசனத்தைத்தான் மூலிகைக் குளிசை வாங்கிற எல்லாரும் சொல்லினம். அதை எப்பிடிச் சரிபாக்கிறது? குளிசை குடுக்காத சீசர் எண்டு பக்கத்தில இன்னொரு சீசர் இல்லையே. அதுக்குத்தான் ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் நாயளை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு உண்மையான மருந்தும் மற்றதுக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் சாமானும் குடுத்து, எது எதுக்குப் போனது எண்டு சொந்தக்காரருக்கும் தெரியாமல் வைச்சுப் பாக்கிறவை. இங்கிலாந்தில வெடிக்குப் பயந்த 75 நாயளுக்கு ஹோமியோபதி மருந்து ஒண்டை வைச்சு இப்பிடி ஒரு ஆய்வு செய்தவை, 2008 இல வெளிவந்தது. மருந்து எடுத்த நாயளுக்கும் நல்ல முன்னேற்றம் எண்டு சொந்தக்காரர் சொன்னவை, வெறும் சாமான் எடுத்த நாயளுக்கும் நல்ல முன்னேற்றம் எண்டு சொன்னவை, ரெண்டு கூட்டத்துக்கும் இடையில குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதை வாசிச்சா ஒண்டு விளங்கும், அன்பான ஆள் மருந்து எண்டு நம்பி எதைக் குடுத்தாலும் நாய் கொஞ்சம் தேறின மாதிரித்தான் அந்த ஆளின்ர கண்ணுக்குத் தெரியும். நாய் உள்ளுக்குள்ள தேறினதோ இல்லையோ எண்டது வேற கதை.

மூலிகைக்கு வருவம். இந்தக் குளிசையளில வழக்கமா இருக்கிறது வலேரியன் வேர், கமோமைல் பூ, பேஷன் ஃப்ளவர், அமுக்கரா கிழங்கு (அஸ்வகந்தா எண்டு போட்டிருக்கும்), சிலதில தேயிலையில இருக்கிற எல்-தியனின் எண்ட அமினோ அமிலம், நித்திரைக்கு எடுக்கிற மெலட்டோனின் எண்ட ஹோர்மோன் இப்பிடி. இதுகள் முழுக்கச் சும்மா எண்டு நான் சொல்ல வரேல்லை. வலேரியன்ல இருக்கிற சத்துகள் மூளையில காபா எண்ட அமைதிப்படுத்துற பாதையில வேலை செய்யுது எண்டு ஆய்வுகூடத்தில பாத்திருக்கினம், எல்-தியனினை இடிக்குப் பயப்பிடுற நாயளுக்குக் குடுத்துப் பாத்தும் இருக்கினம், ஆனா அந்த ஆய்வில ஒப்பிட்டுப் பாக்க வெறும் குளிசை குடுத்த கூட்டம் இருக்கேல்லை, அப்ப மேல சொன்ன அதே பிரச்சினைதான். குளிசைக்குள்ள எவ்வளவு இருக்கு எண்டதும் ஒரு கேள்வி. அன்ரி வைச்சிருந்த போத்தலை நான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தன், ஏழெட்டு மூலிகையின்ர பேர் இருக்கு, எல்லாத்தையும் சேத்து "கலவை" எண்டு ஒரே ஒரு மில்லிகிராம் கணக்குத்தான், எது எவ்வளவு எண்டு இல்லை. "10 கிலோவுக்கு ஒரு குளிசை" எண்டு மட்டும் தெளிவாப் போட்டிருக்கு.

சுவிற்சர்லாந்தில பேர்ண் பல்கலைக்கழகத்தில ஸ்டெஃபனி ரீமர் எண்ட ஆராய்ச்சியாளர் 2020 இல வெளியிட்ட ஆய்வு ஒண்டு இருக்கு, வெடிக்குப் பயப்பிடுற நாயளுக்கு என்ன செய்தீங்கள், எது உதவினது எண்டு 1,225 பேரிட்டக் கேட்டது. மூலிகை, சப்ளிமென்ட், வாசனை எண்ணெய், ஹோமியோபதி, பூச்சாறு, ஃபெரமோன் (நாயை ஆறுதல்படுத்த எண்டு விக்கிற மணப் பொருள்) எல்லாத்துக்கும் உதவினது எண்டு சொன்னவை 27 இலிருந்து 35 வீதம் வரைக்கும்தான், நம்பிக்கையால மட்டும் வரக்கூடிய அளவைவிட இது கூடுதல் இல்லை எண்டு ஆய்விலயே எழுதியிருக்கு. மிருக வைத்தியர் எழுதிக் குடுத்த மருந்து உதவினது எண்டவை கிட்டத்தட்ட 69 வீதம். சத்தம் கேட்ட உடன ருசியான சாப்பாடு குடுக்கிறது, விளையாட்டுக் காட்டுறது உதவினது எண்டவை 70 வீதத்துக்கும் மேல. அமைதியாப் படுக்கப் பழக்கினது 69 வீதம். இறுக்கமா உடுப்பு மாதிரிப் போடுற அந்த வெஸ்ட் 44 வீதம். இதுவும் சொந்தக்காரர் சொன்ன கணக்குத்தான், ஆனா பாருங்கோ, நாயில அன்பு வைச்சு நல்லாத்தான் இருக்குது எண்டு நம்ப விரும்புற ஆக்களே மூலிகைக்குக் கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்குதான் மார்க் போட்டிருக்கினம். பெரிய செலவு இல்லாத கோழித்துண்டுக்கு அதைவிட ரெண்டு மடங்கு மார்க் போட்டிருக்கினம்.

"உதவாட்டியும் கெடுதல் இல்லைத்தானே, மூலிகைதானே" எண்டு சொல்லுவினம். நாங்கள் தடிமன் வந்தா கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சு, வல்லாரைச் சம்பல் சாப்பிட்டு வளந்த ஆக்கள், அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறன், எங்கட வீட்டிலயும் அதுதான். ஆனா மனுசருக்குப் பழகின மூலிகை நாய்க்கும் பழகினது எண்டு அர்த்தம் இல்லை, நாயின்ர ஈரல் வேற மாதிரி வேலை செய்யுது. நான் ஆகப் பயப்பிடுறது சாதிக்காய்க்கு. குழந்தை நித்திரை கொள்ளச் சாதிக்காய் உரைச்சு நாக்கில தடவுற வழக்கம் எங்கட ஆச்சிமாரிட்ட இருந்தது, அதை நினைச்சு நாய்க்குப் பாலில கலந்து குடுக்கிற ஆக்கள் இருக்கினம், வட்ஸ்அப்பிலயும் இந்தக் கைவைத்தியம் சுத்துது. சாதிக்காயில மிரிஸ்டிசின் எண்ட ஒண்டு இருக்கு, அளவு கூடினா நாய்க்கு நெஞ்சு படபடக்கும், தடுமாறும், இல்லாததுகள் தெரிஞ்ச மாதிரிப் பதறும், நடுங்கும். பயத்தில நிக்கிற நாய்க்கு இதையும் சேத்துக் குடுத்தா என்ன நடக்கும்? அதே மாதிரித்தான் தேயிலை, எல்-தியனின் தேயிலையிலதானே இருக்கு எண்டு பிளேன்டீ ஊத்திக் குடுக்கக் கூடாது, தேத்தண்ணியில இருக்கிற கஃபீன் நாய்க்கு நஞ்சு, அதுவும் பதட்டத்தைக் கூட்டுற நஞ்சு.

இன்னொண்டு, மனுசருக்கு எண்டு விக்கிற இனிப்பு மெலட்டோனின், ஜெலி மாதிரிச் சப்பிற வகை. வெளிநாட்டால வாற பார்சலில இது கட்டாயம் இருக்கும். சீனி இல்லாத வகை எண்டா சில நேரம் சீனிக்குப் பதிலா சைலிட்டோல் எண்ட இனிப்புப் போட்டிருப்பினம், நாய்க்கு அது உள்ள போனா ரத்தத்தில சீனி சட்டெண்டு விழுந்து வலிப்பு வரும், ஈரலும் பழுதாகும், சின்ன நாய்க்குக் கொஞ்சமே காணும். மனுசருக்கான சில மருந்துச் சிரப்புகளிலையும் இது இருக்கு, அதால டொக்டர் எழுதித் தந்த மருந்தைப் பாமசியில எடுக்கேக்கயும் நாய்க்கு எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ. காவா எண்ட மூலிகை ஈரலைக் கெடுக்கும். டீ ட்ரீ எண்ணெயை நாயின்ர கழுத்தில தடவினா தோலால உள்ளுக்கு இழுபட்டு நஞ்சாகும். செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் எண்ட மூலிகை இருக்கிற குளிசையை, ஏற்கனவே ஃப்ளுவொக்ஸிடின் மாதிரி மனப் பதட்ட மருந்து எடுக்கிற நாய்க்குக் குடுத்தா ரெண்டும் சேந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலேரியனும் அப்பிடித்தான், தூக்க மருந்தோட சேந்தா மயக்கம் அளவு மீறும். அமுக்கராவுக்குத் தைரொயிட்டைக் கூட்டுற தன்மை இருக்கு, தைரொயிட் குளிசை எடுக்கிற நாயளுக்குக் கேக்காமல் குடுக்கக் கூடாது. டொக்டரிட்டப் போகேக்க "மருந்து ஒண்டும் குடுக்கிறேல்லை, ஹேர்பல் மட்டும்தான்" எண்டு நினைச்சுக் குளிசையைப் பற்றிச் சொல்லாமல் விடுற ஆக்கள் கனபேர், அதைத்தான் முதல்ல சொல்ல வேணும், போத்தலையும் கொண்டு போக வேணும்.

ஆனா நஞ்சைவிடப் பெரிய நட்டம் ஒண்டு இருக்கு, அது நேரம். நாய்க்குச் சத்தப் பயம் அப்பிடியே ஒரே அளவில நிக்கிறேல்லை. ஒவ்வொரு முறையும் தாங்க ஏலாத அளவுக்குப் பயந்தா அடுத்த முறை இன்னும் சின்னச் சத்தத்துக்கும் பயப்பிடும், முதல்ல வெடி, பேந்து இடி, பேந்து ஒழுங்கையால போற மோட்டச்சைக்கிள் சைலன்ஸர், கடைசியில குக்கர் விசில். "விடுங்கோ, கேட்டுக் கேட்டுப் பழகிடும்" எண்டு பல்கனியில கட்டி விடுறவைக்கும் இதைத்தான் சொல்லுறன், பழகாது, கூடும். மூலிகைக் குளிசையை வைச்சு ஒரு வருசம் பாப்பம், இன்னொரு பிராண்ட் மாத்தி அடுத்த வருசம் பாப்பம் எண்டு இழுத்தா, அந்த ரெண்டு வருசமும் நாய் பயத்தைத்தான் படிச்சுக் கொண்டிருக்கு. சீசர் மூண்டு வயசில மேசைக்குக் கீழ போய்ப் படுக்கிறதோட நிண்ட நாய், இப்ப நகத்தைப் பிச்சுக் கொள்ளுது.

சாந்தப்படுத்துறம் எண்டு வீட்டில இருக்கிற பிரிட்டோன் எண்ட அலர்ஜிக் குளிசையைக் குடுக்கிறவையும் இருக்கினம். அது நித்திரையைத் தரும், பயத்தை எடுக்காது. பழைய காலத்தில வெடிக்கு எண்டு குடுத்த அசெப்ரோமசின் எண்ட மருந்தும் அப்பிடித்தான், உடம்பு அசைய ஏலாமல் படுத்திருக்கும், சத்தம் அப்பிடியே கேக்கும், பயம் உள்ள நிக்கும், பாக்கிற எங்களுக்கு மட்டும் நாய் அமைதி. இண்டைக்கு நடத்தை பற்றிப் படிச்ச மிருக வைத்தியர்மார் சத்தப் பயத்துக்கு அதைத் தனியக் குடுக்கிறதை விரும்புறேல்லை. பயத்தையே குறைக்கிற மருந்துகள் இப்ப இருக்கு. ட்ரஸடோன், கபாபென்டின், அல்பிரஸோலம் போல மனுசருக்கும் பாவிக்கிற மருந்துகளை நாய்க்கு ஏத்த அளவில எழுதித் தருவினம், முரசில பூசுற டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல் ஒண்டுக்கு அமெரிக்காவில 2015 இல நாயின்ர சத்தப் பயத்துக்கெண்டே அனுமதி குடுத்திருக்கு. எது சரி, எது இஞ்ச எடுக்கலாம் எண்டதை நாயின்ர நிறையை எடுத்து, நெஞ்சையும் ஈரலையும் பாத்து டொக்டர்தான் சொல்ல வேணும், நீங்களாப் பாமசியில வாங்கிக் குடுக்கிற சாமான் இல்லை இது. அதோட இந்த மருந்துகளைச் சத்தம் தொடங்க முதலே குடுக்க வேணும், அமைதியான ஒரு நாளில ஒருக்காக் குடுத்து நாய் எப்பிடி இருக்குது எண்டும் பாத்து வைக்க வேணும், சில நாய்க்கு மருந்து எதிர்மாறாவும் வேலை செய்யும். அதுக்குத்தான் ரெண்டு மூண்டு கிழமைக்கு முதல் எண்டு மேல எழுதினன். தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம் டொக்டருக்கு ஃபோன் அடிச்சா அவர் என்ன செய்யிறது.

வயசு போன நாய் ஒண்டு, இவ்வளவு காலமும் வெடிக்கு அசையாத நாய், திடீரெண்டு பயப்பிடத் தொடங்கினா இடுப்பு, முழங்கால், முதுகு நோ இருக்குதா எண்டு கட்டாயம் காட்டுங்கோ. சத்தத்துக்குத் திடுக்கிட்டு உடம்பு இறுகேக்க நோ கூடும், நோவையும் சத்தத்தையும் நாய் ஒண்டாச் சேத்து நினைவில வைச்சுக்கொள்ளும். நோவுக்கு வைத்தியம் செய்தா பயமும் குறையிறதை மிருக வைத்தியர்மார் கண்டிருக்கினம். இதை எந்த மூலிகைப் போத்தலும் சொல்லாது.

வீட்டில செய்யிறதுக்கு வருவம், இதிலதான் எங்கட கையில கூடுதல் பலன் இருக்கு. கோழி ஈரலை அவிச்சு, சுண்டு விரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒரு டப்பாவில போட்டுக் கையோட வைச்சிருங்கோ. உப்பு, வெங்காயம், உள்ளி ஒண்டும் போடாதேங்கோ, வெங்காயமும் உள்ளியும் நாய்க்குக் கூடாது. வெடி கேட்டவுடன ஒரு துண்டு. அடுத்த வெடி, அடுத்த துண்டு. நாய் நல்ல பிள்ளையா இருந்தாத்தான் குடுப்பன் எண்டு நிக்காதேங்கோ, குரைச்சாலும் ஒளிச்சாலும் குடுங்கோ, இது பரிசு இல்லை, சத்தம் வந்தா நல்லது வரும் எண்டு அதின்ர மனசில பதிய வைக்கிறது. முதல்ல சத்தம், பேந்து சாப்பாடு, இந்த ஒழுங்கு மாறக் கூடாது. மாறிச்செண்டா ஈரல் டப்பாவைக் கண்டாலே நாய் வெடி வரப்போகுது எண்டு பயப்பிடும். சீசர் மாதிரிச் சாப்பாட்டைத் திரும்பியும் பாக்காத நிலைக்குப் போன நாய்க்கு அந்த நேரத்தில இது சரிவராது, அப்பிடியான நாய்க்கு டொக்டரின்ர மருந்தும் வேணும், மருந்தால கொஞ்சம் இறங்கின பிறகு சாப்பாடு வேலை செய்யும்.

நாய் பயந்து கிட்ட வந்தா தடவுங்கோ, அணைச்சு வைச்சிருங்கோ. "தடவினா பயம் கூடும், கண்டுகொள்ளாதேங்கோ" எண்டு ஒரு பழைய கதை இன்னும் சுத்துது, பயம் எண்டது தந்திரம் இல்லை, ஆறுதல் குடுத்தா அது வளராது. தானா ஒளிக்கப் போனா ஒளிக்க விடுங்கோ, கட்டிலுக்குக் கீழயிருந்து காலில பிடிச்சு இழுக்காதேங்கோ. ஒரு உள்ளறையில யன்னலைச் சாத்தி, திரையை இழுத்து விட்டு, பழைய பெட்சீட் போட்டு இடம் செய்து குடுங்கோ. ஆனா எங்கட கொழும்பு வெக்கையில அறையைச் சாத்தினா நாய் இளைச்சே செத்துப்போகும், பயத்தில ஏற்கனவே இளைக்குது, அதால ஃபேனைக் கூட்டிப் போடுங்கோ, ஏசி இருந்தா போடுங்கோ, தண்ணி வையுங்கோ. ஃபேன் சத்தமும் ரேடியோவும் வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் மூடும். பின்னேரம் இருட்ட முதலே வெளியில கூட்டிக் கொண்டு போய் வந்திடுங்கோ, தீபாவளி எண்டா விடியப்புறம் வெளியில கொண்டு போகாதேங்கோ. கழுத்துப் பட்டியில ஃபோன் நம்பர் இருக்க வேணும். வெடிக்குப் பயந்து கேட்டால பாஞ்சு காலி வீதிக்கு ஓடின நாய் வாகனத்தில அடிபடும், இல்லாட்டி கடற்கரைப் பக்கம் ரயில் பாதையில ஏறும், பதட்டத்தில ஆரையும் கடிச்சாலும் கடிக்கும், கடிபட்டவர் விசர்நாய்க்கடி ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும். குட்டி நாய் வைச்சிருக்கிறவை இப்பவே தொடங்கலாம், ஃபோன்ல வெடிச் சத்தத்தை ஆக மெல்லிசாப் போட்டுச் சாப்பாடு குடுத்து, குட்டி காதைக் கூட அசைக்கேல்லை எண்டாத்தான் நாள் போகப் போகக் கொஞ்சம் கூட்டுறது. அவசரப்பட்டுக் கூட்டினா எல்லாம் பாழ்.

தெருவில நிக்கிற நாயளுக்குக் கட்டிலும் இல்லை ஃபேனும் இல்லை. எங்கட ஒழுங்கைக் கடைக்கு முன்னால படுக்கிற ரெண்டு நாய் வெடி நாளில பாக் பண்ணின வாகனங்களுக்குக் கீழ போயிடும், காலமை வாகனம் எடுக்கேக்க குனிஞ்சு பாருங்கோ. அந்த இரவு கேட்டைக் கொஞ்சம் திறந்து கராஜுக்குள்ள விட்டா என்ன குறைஞ்சு போகும்.

வெடியே வேண்டாம் எண்டு நான் கேக்கேல்லை, பண்டிகை எண்டா பிள்ளையளுக்கு அது சந்தோசம், எனக்கும் சின்னனில அப்பிடித்தான் இருந்தது. நேரம் குறிச்சுக் கொளுத்துவம் எண்டுதான் கேக்கிறன். இந்தியாவில உச்ச நீதிமன்றம் 2018 இல தீபாவளிக்கு இரவு 8 இலிருந்து 10 வரைக்கும்தான் வெடி எண்டு நேரம் குறிச்சது. எங்கட உயர் நீதிமன்றம் 2007 இல ஒலிபெருக்கிக்கு இரவு 10 இலிருந்து காலை 6 வரைக்கும் கட்டுப்பாடு போட்டது, சத்தத்தால மற்றவைக்கு வாற கஷ்டத்தைச் சட்டம் கவனிக்கும் எண்டதுக்கு அது அத்தாட்சி. சட்டம் வரும் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை, ஒரு ஃப்ளாட்டில கொமிட்டி கூடி "இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரைக்கும், கீழ் வளவில மட்டும்" எண்டு லிஃப்ட் வாசலில ஒரு கடதாசி ஒட்டினாக் காணும். நேரம் தெரிஞ்சா நாய்க்காரர் மருந்தை நேரத்துக்குக் குடுப்பினம், பச்சைக் குழந்தை வைச்சிருக்கிறவையும் நெஞ்சு வருத்தக்கார முதியவையும் சேந்து நன்றி சொல்லுவினம்.

கடைசியா ஆசிரியர் ஐயாவிட்ட ஒரு வேண்டுகோள். செல்லப் பிராணிகளைப் பற்றிப் பேப்பருகளில வாற குறிப்புகளில "இந்த மூலிகை நாயின்ர பதட்டத்தைப் போக்கும்" எண்டு ஒரு வரியில போட்டுட்டு விடுறதை நான் அடிக்கடி பாக்கிறன், வாசிக்கிற சனம் அதை வெட்டி எடுத்து ஃப்ரிஜ்ஜில ஒட்டி வைக்குது. உங்கட பேப்பரில அப்பிடி ஒண்டு வந்தா அளவு என்ன, எந்த நாய்க்குக் கூடாது, என்ன மருந்தோட சேரக் கூடாது எண்டதை ஒரு மிருக வைத்தியரிட்டக் கேட்டுச் சேத்துப் போடுங்கோ. பேராதனைப் பல்கலைக்கழகத்தில படிச்சு வந்த, தமிழில நல்லாக் கதைக்கக்கூடிய மிருக வைத்தியர்மார் இருக்கினம், தீபாவளிக்கு முந்தின மாசம் ஒருக்கா, நத்தாருக்கு முதல் ஒருக்கா, சித்திரைக்கு முதல் ஒருக்கா அவையிட்ட ஒரு கேள்வி பதில் வாங்கிப் போட்டீங்கள் எண்டா எத்தினையோ வீட்டுக்கு உதவும். சீசரின்ர அன்ரி இந்த முறை டொக்டரிட்ட நேரம் எடுத்திருக்கிறா, மூலிகைப் போத்தலையும் காட்டக் கொண்டு போகச் சொல்லியிருக்கிறன், லிஃப்டுக்குப் பக்கத்தில ஒட்டுறதுக்கு வெடி நேரக் கடதாசியை நான் எழுதி எங்கட கொமிட்டிச் செக்ரட்டரியிட்டக் குடுத்திட்டன், அவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில எடுக்கிறன் எண்டவர்.

இப்படிக்கு,
நாய் வளக்கிற ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6